புற்றுநோயை ஆரம்பத்திலேயே அறிய நானோ தொழில்நுட்பம்: இன்று நம் கைக்கு எட்டியது எது?



சென்ற மாதம் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்குக் கறம்பக்குடியைச் சேர்ந்த ஒரு சகோதரர் வந்தார். தம் கைப்பேசியில் வந்திருந்த ஒரு செய்தியைக் காட்டினார். "நானோ தொழில்நுட்பம்! ஒரே சொட்டு ரத்தம்! உடம்பில் எங்கே புற்றுநோய் இருந்தாலும் தெரிந்துவிடும்!" என்று அதில் இருந்தது. கட்டணம் பல ஆயிரம் ரூபாய். "பாய், டிரஸ்ட்ல இருந்து ஏதாவது உதவி செய்ய முடியுமா? வீட்ல அவங்களுக்குப் பாத்துடலாம்னு இருக்கேன்" என்றார்.

என்ன தொந்தரவு என்று கேட்டோம். தயங்கித் தயங்கித்தான் சொன்னார். மனைவிக்கு மாதவிடாய் நின்று மூன்று வருடமாகிறது. ஆனால் ஆறு மாதமாக அவ்வப்போது ரத்தக் கசிவு. வெளியே சொல்ல அவருக்குக் கூச்சம், மருத்துவமனை என்றால் பயம். ரத்தம் மட்டும் கொடுத்தால் போதும் என்ற இந்தச் செய்தி வந்ததும் இருவருக்கும் நிம்மதியாகிவிட்டது.

"இதற்குப் பணம் கட்ட வேண்டாம். நாளைக்கே அவர்களை அரசு மருத்துவமனையில் பெண் மருத்துவரிடம் காட்டுங்கள்" என்று சொல்லி அனுப்பினோம். அதன் பிறகு யோசித்தோம். இந்தச் செய்தி அவர் ஒருவருக்கு மட்டுமா வந்திருக்கும்? நானோ என்பது பொய்யா, மெய்யா? மெய் என்றால் அது எந்த அளவுக்கு வந்திருக்கிறது? இதைப் படித்தும், மருத்துவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டதை எல்லோருக்கும் புரியும்படி இங்கே எழுதுகிறோம்.

நானோ என்றால் என்ன?

நானோ என்பது ஓர் அளவு. ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். ரத்தத்தில் ஓடும் சிவப்பணு ஒன்று சுமார் 7,000 நானோமீட்டர். நம் மரபுப் பண்புகளைத் தாங்கும் டி.என்.ஏ. இழையின் அகலம் வெறும் 2 நானோமீட்டர்தான். ஏறத்தாழ 1 முதல் 100 நானோமீட்டர் வரையுள்ள துகள்களைச் செய்து பயன்படுத்துவதையே நானோ தொழில்நுட்பம் என்கிறோம்.

அவ்வளவு சிறிதாகும்போது ஒரு பொருளின் குணமே மாறிவிடுகிறது. தங்கம் மஞ்சள் நிறம் என்பது நமக்குத் தெரியும். அதே தங்கத்தை 20, 30 நானோமீட்டர் துகள்களாக்கி நீரில் மிதக்கவிட்டால் அந்த நீர் மாதுளைச் சாறுபோலச் சிவந்து தெரியும். ஒளி அந்தத் துகள்களில் பட்டுச் சிதறும் விதம் வேறாகிவிடுவதே காரணம். மைக்கேல் ஃபாரடே என்ற ஆங்கில விஞ்ஞானி 1857-லேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

இந்தச் சிவப்புத் தங்கத்தை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். கர்ப்பம் உறுதியாகிவிட்டதா என்று பார்க்க மருந்துக் கடையில் ஓர் அட்டை வாங்குகிறோம் அல்லவா? பெரும்பாலான அட்டைகளில் தெரியும் அந்தச் சிவப்புக் கோடு தங்க நானோத் துகள்களால் ஆனது. கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்து, கால் மணி நேரத்தில் முடிவு சொன்ன அட்டைகளிலும் பெரும்பாலும் இதே ஏற்பாடுதான்.

அது எப்படி வேலை செய்கிறது? கர்ப்பம் தரித்த பெண்ணின் சிறுநீரில் ஒரு குறிப்பிட்ட ஹார்மோன் இருக்கும். அதை மட்டும் கவ்விப் பிடிக்கும் புரதத்தைத் தங்கத் துகள்களின் மேல் பூசியிருப்பார்கள். சிறுநீர் அட்டையில் ஊறிச் செல்லும்போது அந்தத் துகள்கள் ஹார்மோனைப் பிடித்துக்கொண்டு நகரும். கோடு இருக்கும் இடத்தில் இன்னொரு புரதம் அந்த ஹார்மோனைப் பிடித்து நிறுத்தும். கோடிக்கணக்கான துகள்கள் ஒரே இடத்தில் தேங்கியதும் சிவப்புக் கோடு தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கண்ணுக்குத் தெரிய வைப்பதுதான் நானோவின் வேலை.

புற்றுநோயில் இதை எப்படிப் பயன்படுத்தப் பார்க்கிறார்கள்?

ஒரு கட்டி கையில் தட்டுப்படும் அளவுக்கு வளர்ந்துவிட்டால் அதில் ஏற்கெனவே பல கோடி செல்கள் இருக்கும். அதற்கு முன்பே அது உடம்பில் சில தடயங்களை விடுகிறது. அதிலிருந்து பிரிந்த செல்கள், அதன் டி.என்.ஏ. துணுக்குகள், அது சுரக்கும் புரதங்கள் எல்லாம் ரத்தத்தில் கலக்கின்றன. ஆனால் அவை மிக மிகக் குறைவு. நெல் மூட்டைகள் அடுக்கிய கிடங்கில் ஒரே ஒரு கல்லைத் தேடுவதுபோல அவற்றைத் தேட வேண்டும். நானோத் துகள்கள் உதவக்கூடும் என்று விஞ்ஞானிகள் நம்புவது இந்த இடத்தில்தான்.

இரண்டு உதாரணங்கள் சொல்கிறோம்.

முதலாவது காந்த முறை. இரும்பு கலந்த, காந்தத்தால் ஈர்க்கப்படும் நானோத் துகள்களின் மேல், சில வகைப் புற்றுநோய்ச் செல்களைக் கவ்வும் புரதத்தைப் பூசுகிறார்கள். அவற்றை நோயாளியின் ரத்தத்தில் கலந்து காந்தத்தை அருகில் வைத்தால், துகள் ஒட்டிய செல்கள் மட்டும் ஒரு பக்கம் வந்து ஒதுங்கும். 7.5 மில்லி ரத்தத்தில் அப்படி எத்தனை செல்கள் இருக்கின்றன என்று எண்ணுவார்கள். செல்சர்ச் என்ற இந்தச் சோதனைக்கு அமெரிக்க அரசின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2004-ல் அனுமதி கொடுத்தது. ஆனால் கவனியுங்கள்: ஏற்கெனவே மார்பகப் புற்றுநோய் வந்து உடம்பில் பரவிவிட்டவர்களின் நிலை எப்படிப் போகிறது என்று அறியவே அந்த அனுமதி. நலமாக இருப்பவருக்கு நோய் உண்டா என்று கண்டுபிடிக்க அல்ல.

இரண்டாவது சிறுநீர் முறை. சங்கீதா பாட்டியா என்ற விஞ்ஞானி அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியர், இந்தியாவிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர். அவருடைய குழுவினர் ஒரு வகை நானோத் துகளை உடம்புக்குள் செலுத்தினார்கள். கட்டியைச் சுற்றி அதிகமாகச் சுரக்கும் நொதிகள் அந்தத் துகளின் மேலுள்ள சிறு இழைகளை வெட்டிவிடும். வெட்டுப்பட்ட துண்டுகள் சிறுநீரில் வெளியே வரும். கர்ப்பப் பரிசோதனை அட்டைபோன்ற ஒரு காகித அட்டையிலேயே அவற்றைக் காண முடியும் என்று 2014-ல் காட்டினார்கள். மிக அழகான யோசனை. ஆனால் அந்தச் சோதனையை அவர்கள் செய்துகாட்டியது எலிகளில்.

நமக்குப் பக்கத்திலும் முயற்சிகள் நடக்கின்றன. தஞ்சாவூர் சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தில் நானோ தொழில்நுட்பத்துக்கென்றே ஓர் ஆய்வு மையம் இருக்கிறது. நம் பிள்ளைகள் உயிரியலும் வேதியியலும் நன்றாகப் படித்தால் நாளை இப்படிப்பட்ட இடங்களில் அவர்களும் ஆராய்ச்சி செய்யலாம்.

பிறகு ஏன் பணம் கட்ட வேண்டாம் என்றோம்?

ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் ஒன்று ஊரிலும் வேலை செய்ய வேண்டும் என்றால் இரண்டு படிகள் தாண்ட வேண்டும். அது சரியாகச் சொல்ல வேண்டும். அது சொன்னதால் உயிர்கள் காப்பாற்றப்பட வேண்டும். இந்த இரண்டாவது படியைத் தாண்டுவது மிகக் கடினம்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சோதனை 100-க்கு 99 தடவை சரியாகச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்க மிக நன்றாக இருக்கிறது. எந்தத் தொந்தரவும் இல்லாத 1 லட்சம் பேருக்கு அதைச் செய்கிறோம். அவர்களில் 100 பேருக்கு உள்ளே புற்றுநோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சோதனை அவர்களில் 99 பேரைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் நோய் இல்லாத 99,900 பேரில் 999 பேருக்கும் 'நோய் இருக்கிறது' என்று தவறாகச் சொல்லும். ஆக, பயந்து நிற்கும் 1,098 பேரில் உண்மையான நோயாளிகள் 99 பேர்தான். மற்றவர்கள் ஸ்கேன், சதைப் பரிசோதனை என்று கடன் வாங்கி அலைவார்கள்.

இதற்கு நேர்மாறான ஆபத்து இன்னும் பெரியது. நோய் இருப்பவருக்கு 'ஒன்றும் இல்லை' என்று அட்டை சொல்லிவிட்டால், ரத்தக் கசிவு இருந்தும் அவர் நிம்மதியாக வீட்டில் இருந்துவிடுவார். நம்மிடம் வந்த சகோதரரின் வீட்டில் நடக்கவிருந்ததும் இதுதான்.

ஒரு சொட்டு ரத்தம் என்ற பேச்சால் படித்தவர்களும் பெரும் பணக்காரர்களும்கூட ஏமாந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2003-ல் தொடங்கப்பட்ட தெரானோஸ் என்ற நிறுவனம், விரல் நுனியில் எடுக்கும் சில சொட்டு ரத்தத்தில் ஏராளமான சோதனைகள் செய்வதாகச் சொல்லிக் கோடிக்கணக்கான டாலர் திரட்டியது. அந்தக் கருவி சொன்னபடி வேலை செய்யவில்லை. 2018-ல் நிறுவனம் மூடப்பட்டது. அதைத் தொடங்கிய பெண்மணி முதலீட்டாளர்களை ஏமாற்றிய குற்றத்துக்காக 2022-ல் தண்டிக்கப்பட்டார்.

ஆகவே யாராவது இப்படி ஒரு சோதனையைச் சொன்னால் ஐந்து கேள்விகள் கேளுங்கள்.

1. இது எந்தப் புற்றுநோயைக் கண்டுபிடிக்கும்? 'எல்லாவற்றையும்' என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.
2. நோயில்லாத சாதாரண மக்களிடம் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா, நோயாளிகளிடம் மட்டுமா, எலிகளிடம் மட்டுமா?
3. மத்திய அரசின் மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கு அனுமதி கொடுத்திருக்கிறதா?
4. 'இருக்கிறது' என்று வந்தால் அடுத்து என்ன செய்ய வேண்டும்? யார் பார்ப்பார்கள்?
5. என்னை நேரில் பார்த்த மருத்துவர் யாராவது இதை எழுதிக் கொடுத்தாரா?

திண்டுக்கல்லில் நிரூபிக்கப்பட்ட எளிய சோதனை

இப்போது முக்கியமான செய்திக்கு வருகிறோம். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் உயிர் பிழைக்கலாம் என்பதை நம் தமிழ்நாட்டுக் கிராமங்களே உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியிருக்கின்றன. நானோ இல்லாமலே, வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தை வைத்து.

கருப்பை வாய்ப் புற்றுநோய் ஒரே நாளில் வருவதில்லை. கிருமித் தொற்று ஏற்பட்டு, அங்குள்ள செல்கள் மெல்ல மாறி, புற்றாவதற்குப் பெரும்பாலும் பத்து வருடத்துக்கும் மேலாகும். அந்த இடைக்காலத்தில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் நனைத்துக் கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால், மாறிய இடம் வெள்ளையாகத் தெரியும். பயிற்சி பெற்ற செவிலியரே இதைச் செய்யலாம். சில நிமிடங்களில் முடிந்துவிடும். ரத்தம் எடுப்பதில்லை, வெட்டுவதில்லை.

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ஆம் ஆண்டு இதை ஒரு பெரிய ஆய்வாகத் தொடங்கினார்கள். பிரான்ஸிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தின் டாக்டர் சங்கரநாராயணன் தலைமையில், அம்பிளிக்கை கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனையும் சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனமும் சேர்ந்து நடத்தின. 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்கள். ஒரு பகுதிக் கிராமங்களில் 49,311 பெண்களைப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். 31,343 பேர் வந்தார்கள். மற்றக் கிராமங்களில் 30,958 பெண்களுக்கு வழக்கமான மருத்துவ வசதி மட்டும். ஏழு வருடம் தொடர்ந்து கவனித்து, 2007-ல் லான்செட் மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டார்கள்.

பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட கிராமங்களில் இந்தப் புற்றுநோய் வருவது 25 சதவீதமும், அதனால் ஏற்படும் மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தன. அழைத்தும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பெண்கள் வராமலிருந்தபோதே இவ்வளவு பலன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பரிசோதிக்கப்பட்டவர்களில் 3,088 பேருக்கு, அதாவது பத்தில் ஒருவருக்கு, 'சந்தேகம்' என்று வந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இல்லை. அடுத்த கட்டப் பரிசோதனையில் சிலருக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. சிலருக்குப் புற்றாகும் முன்னிலை மாற்றம் இருந்தது. குளிர்விக்கும் முறையில் அந்த இடத்தை அகற்றினார்கள். சந்தேகம் என்று வந்தாலே முடிந்தது என்று நினைக்க வேண்டாம்.

வாய்ப் புற்றுநோய்க்கும் இப்படி ஒரு சான்று உண்டு. 1996-ல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் மக்களின் வாயைப் பார்த்தார்கள். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்தது என்று 2005-ல் வெளியிட்டார்கள். கருவி என்ன? ஒரு டார்ச் லைட்டும் பயிற்சி பெற்ற கண்ணும்தான்.

இந்தப் பணியின் வேர் நம் மாவட்டத்தில்

மேலே சொன்ன அடையாறு புற்றுநோய் நிறுவனத்தை உருவாக்கியவர் யார் தெரியுமா? 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. பெண்கள் கல்லூரிக்குப் போவதே வழக்கமில்லாத காலத்தில் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் மன்னரின் சிறப்பு அனுமதியோடு சேர்ந்தார். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். தம் தங்கையைச் சிறு வயதிலேயே புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்த வேதனைதான் 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனையாக ஆனது. நம் மாவட்டத்துப் பெண் ஒருவர் விதைத்தது திண்டுக்கல் ஆய்வு வரை வளர்ந்திருக்கிறது. அதன் பலனைப் பெற நாம் தயங்கலாமா?

நாம் செய்ய வேண்டியது

30 வயது கடந்த ஆண், பெண் எல்லோருக்கும் வாய்ப் பரிசோதனையும், பெண்களுக்கு மார்பகம், கருப்பை வாய்ப் பரிசோதனைகளும் அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகச் செய்யப்படுகின்றன. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளரிடமே விவரம் கேட்கலாம். 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணிலும் கேட்கலாம். சிகிச்சை தேவைப்பட்டால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உதவும். அட்டை எடுக்காதவர்கள் நோய் வரும்வரை காத்திருக்காமல் இப்போதே விண்ணப்பியுங்கள்.

வெற்றிலையோடு புகையிலை சேர்ப்பவர்களும், குட்கா, பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்களும் மாதம் ஒரு முறை வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று தம் வாயைப் பாருங்கள். உதட்டின் உள்பக்கம், இரு கன்னங்கள், ஈறு, நாக்கின் ஓரங்கள், நாக்கின் அடி, மேலண்ணம் எல்லாவற்றையும் பாருங்கள். மூன்று விரலைச் சேர்த்து நிமிர்த்தி வாய்க்குள் வைக்க முடிகிறதா என்றும் பாருங்கள். அதைவிட மேலானது அந்தப் பழக்கத்தையே விட்டுவிடுவது.

கீழே உள்ளவற்றில் ஏதாவது இருந்தால் பரிசோதனை நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவரைப் பாருங்கள்.

- இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண், வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறப்பது குறைந்துகொண்டே வருவது
- மார்பில் கட்டி, தோல் சுருங்குதல், காம்பில் ரத்தக் கசிவு, காம்பு உள்வாங்குதல்
- மாதவிடாய் நின்ற பிறகு ரத்தக் கசிவு. இரு மாதவிடாய்க்கு இடையிலோ கணவன் மனைவி சேர்ந்த பிறகோ ரத்தம்
- மூன்று வாரத்துக்கு மேல் விடாத இருமல், மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் உடல் மெலிதல்

பெண்களின் கூச்சம் எங்களுக்குப் புரியாமல் இல்லை. பெண் மருத்துவரோ பெண் செவிலியரோ பார்க்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை, தயங்காமல் கேளுங்கள். தனியாகப் போகத் தயங்குபவர்களுக்குத் துணையாக வர நம் மகளிர் குழுச் சகோதரிகள் இருக்கிறார்கள். ஆண்களுக்கு ஒரு வேண்டுகோள்: வீட்டில் அம்மாவோ, மனைவியோ, அக்காவோ தாமாகச் சொல்லமாட்டார்கள். நீங்களே கேளுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அடுத்த முறை போன் பேசும்போது, பணம் வந்ததா என்று கேட்பதோடு, பரிசோதனைக்குப் போனீர்களா என்றும் கேளுங்கள்.

நம்மிடம் மருத்துவ உதவி கேட்டு வரும் மனுக்களில் புற்றுநோய் மனுக்கள் பெரும்பாலும் நோய் முற்றிய பிறகே வருகின்றன. அப்போது லட்சக்கணக்கில் திரட்டிக் கொடுத்தாலும் பல நேரம் பயன் குறைவு. ஆரம்பத்தில் என்றால் பேருந்துக் கட்டணமே பெரிய உதவி. பரிசோதனைக்குச் செல்ல வசதியில்லாதவர்களுக்கு அந்தக் கட்டணத்தை அறக்கட்டளை தரும்.

கடைசியாக, அந்தச் சகோதரரின் மனைவி பற்றி. மறுநாளே மருத்துவமனைக்குப் போனார்கள். சதைப் பரிசோதனையில் நோய் உறுதியானது. சிகிச்சை தொடங்கிவிட்டது. குணமாக வாய்ப்பு இருக்கிறது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். முதல் கசிவிலேயே வந்திருந்தால் சிகிச்சை இன்னும் எளிதாக இருந்திருக்கும் என்றும் சொன்னார். இதை எழுதலாமா என்று கேட்டபோது, "பேரைப் போடாம எழுதுங்க. இன்னொருத்தர் ஆறு மாசம் காத்திருக்கக் கூடாது" என்றார் அந்தச் சகோதரி.

நானோ அட்டை ஒருநாள் நம் ஊர் மருந்துக் கடைக்கும் வரலாம், இன்ஷா அல்லாஹ். வரும்போது வரவேற்போம். இந்த மாதம் நம் வீட்டில் யார் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்பதை இன்றே பேசி முடிவு செய்வோம்.